குதிரை வாயில் ஒரு லைசென்ஸ்

என் பெயரில் எங்கள் ஊரில் பதினோரு பேர் இருந்தோம். பத்துப் பேர் கண்மாயில் தூண்டில் போட்டார்கள். பதினோராவது ஆளான நான் தபாலாபீசில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு மட்டும் என்று யோசித்து வைத்த பெயர் அது.

ராஜா ஆட்சி போய் எங்கள் சமஸ்தானம் ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அங்கே புதிதாகத் தபாலாபீஸ் வந்தது. படித்துவிட்டுச் சும்மா திரிந்துகொண்டிருந்த எனக்குப் போஸ்ட் மாஸ்டர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். இரண்டு வருஷம் புகார் எதுவும் இல்லாமல் ஓட்டினால், மேலேயிருந்து ஆள் வந்து நடத்தையை விசாரித்து, போலீசிலும் கோர்ட்டுக் கச்சேரியிலும் என் பெயர் அடிபடவில்லை என்று தெரிந்துகொண்டு நிரந்தரமாக்குவார்கள். அந்த இரண்டு வருஷமும் நான் தும்மினால்கூட அக்கம்பக்கம் பார்த்துத் தும்மினேன்.

எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தூண்டில். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய்விடுவேன். எனக்கு முன்னால் அங்கே என் மச்சான் உட்கார்ந்திருப்பார். என் அக்காவைக் கட்டியவர். வானம் பார்த்த பூமியில் விவசாயம். வானம் பார்க்காத நேரத்தில் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தக்கை ஆடுவதை வைத்தே கீழே வந்திருப்பது கெண்டையா கெளுத்தியா என்று சொல்லுவார். நான் கல்லில் மாட்டிய முள்ளை மீன் என்று நினைத்து இழுத்து, அறுத்துக்கொண்டு, அவரிடமே வேறு முள் கேட்டு வாங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைமேல் ஏறி வந்தார். அவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் காக்கி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கம்பைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு வேறு வேலையில் இறங்கினார்கள். ஒருவர் கால் கழுவ ஆரம்பித்தார். வந்தவர் திரும்பிப் போகும்வரைக்கும் கழுவினார். இன்னொருவர் இல்லாத மாட்டைக் கூப்பிட்டுக்கொண்டே முள்ளுக்காட்டுக்குள் போனார். மச்சான் துண்டை அவிழ்த்து அலச ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் கம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். படித்தவன் ஓடக்கூடாது என்று எனக்கு ஒரு திமிர்.

"லைசென்ஸ் இருக்காங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"சைக்கிளுக்கா? நான் நடந்துல்ல வந்தேன்."

"தூண்டிலுக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்மாயில் துறையிலிருந்து மீன் குஞ்சு விட்டிருக்கிறார்களாம். இனிமேல் தூண்டில் போட ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வேண்டுமாம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம். இந்தத் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை கேஸ் என்றார். கேஸ் என்றதும் நிரந்தரமாகாத வேலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மறுநாளே மனு எழுதிப் போட்டேன். ஒரு மாதத்துக்குள் லைசென்ஸ் வந்தது. எனக்கு வந்த கவரை நானே பையிலிருந்து எடுத்து, நானே முத்திரை குத்தி, விலாசம் சரிதானா என்று படித்துப் பார்த்து, நானே வாங்கிக்கொண்டேன். கெட்டியான காகிதம். என் பெயர், அப்பா பெயர், ஊர், வயது இருபத்தாறு, கீழே வட்ட முத்திரை, பிறருக்கு மாற்றத்தக்கதல்ல என்று ஒரு வரி. போட்டோ கிடையாது. போட்டோ ஒட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

எங்கள் கண்மாயில் தண்ணீருக்கு முறை உண்டு. இன்றைக்கு யாருடைய முறையோ அவர் மடையைத் திறக்கிற கம்பை அய்யனார் கோயிலிலிருந்து எடுத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடுவார். கம்பு யார் கையிலோ அவருக்குத்தான் அன்றைக்குத் தண்ணீர். அது யார் வீட்டுக் கம்பு என்று யாரும் கேட்டதில்லை. லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மச்சானுக்கு அதுவும் அப்படியொரு கம்பாகத்தான் தெரிந்தது.

"மாப்புள, இத ஒன் பொட்டியில பூட்டி வச்சு என்ன பிரயோசனம்? நீ வாரத்துக்கு ஒரு நாளு வார. மத்த ஆறு நாளும் சும்மாதானே கெடக்கும்? கோயில் குதிரை வாயில வச்சிருவோம். அன்னன்னைக்கிப் புடிக்கிறவன் எடுத்துக்கிரட்டும்."

"மச்சான், இதுல எம் பேருல்ல போட்டுருக்கு?"

"மடைக்கம்புல செஞ்சு குடுத்த ஆசாரி பேரத்தான் வெட்டியிருக்கு. அதுக்காக அவரா வந்து தண்ணி பாய்ச்சுறாரு?"

கோயிலுக்கு முன்னால் நிற்கும் மண் குதிரைகளில் மூன்றாவது குதிரைக்கு வாய் கொஞ்சம் அகலம். லைசென்ஸ் ஒரு தகர டப்பியில் மடித்து வைக்கப்பட்டு அந்த வாய்க்குள் போனது. நான் கண்டிப்பாக மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் அக்காவைக் கட்டியவர் என்ற மரியாதை மட்டுமல்ல. ஊரே என் காகிதத்தை நம்பி மீன் பிடிக்கிறது என்பதில் எனக்கு உள்ளூர மனசு குளிர்ந்து போயிருந்தது.

அதன் பிறகு சைக்கிளில் வருகிறவரை ஊர் மீனாபீசர் என்று அழைத்தது. அவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். கரையில் ஒருவர் மட்டும் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் முறை வராதவர்கள், ஆகையால் வரமாட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் டப்பியைத் திறந்து லைசென்ஸை நீட்டி, என் பெயரையும் என் அப்பா பெயரையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். அறுபது வயதுக்காரர் ஒருவர் முறை வந்தபோது நடந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"வயசு?"

"இருவத்தாறுங்க."

"பல்லெல்லாம் எங்க?"

"எங்க வம்சத்துலயே அப்புடித்தாங்க."

மீனாபீசர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டைரியை எடுத்து, லைசென்ஸ் பரிசோதிக்கப்பட்டது, சரியாக இருந்தது என்று எழுதிக்கொண்டாராம். அவர் ஏமாந்தவர் அல்ல. கேஸ் எழுதினால் சாட்சி தேட வேண்டும், கச்சேரிக்கு அலைய வேண்டும். சரியாக இருந்தது என்று எழுதினால் வெயிலுக்கு முன்னால் வீடு போய்ச் சேரலாம். ஒரு நாள் தபாலாபீசுக்குக் கார்டு வாங்க வந்தவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "இந்த ஊருல ரொம்ப ராசியான பேருபோல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எனக்கு இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தபோது அக்காவுக்கு எங்கள் வீட்டில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பத்து நாளாகியும் பால் சரியாக ஊறவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு விரால் மீன் குழம்பு வைத்துக் கொடுங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனார். குழந்தை அழுத அழுகைக்கு நான் தபாலாபீசிலேயே படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விரால் பிடித்தே தீர்வது என்று கிளம்பினேன். கோயிலுக்குப் போய்க் குதிரை வாயில் கையை விட்டால் டப்பி இல்லை. மடைப்பக்கம் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என் முறை என்பது ஊருக்கே தெரியும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போய்க் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. காகிதம் எங்கே இருந்தால் என்ன, உரிமை என்னுடையதுதானே என்று வீம்பாகக் கரையின் மறுகோடியில், மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

தவளைக்குஞ்சு கோத்துப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கரைமேல் ஜீப் சத்தம் கேட்டது. மடைக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. பேண்ட் போட்ட ஒரு பெரிய ஆபீசர் இறங்கினார். பின்னாலேயே நம் மீனாபீசர். ஓடியிருக்கலாம். அந்த நேரம் பார்த்துத் தக்கை சரேலென்று உள்ளே போனது. என் ஜென்மத்தில் எனக்கு மாட்டிய முதல் விரால். முழங்கை நீளம். வேலை போனாலும் பரவாயில்லை என்று நான் நினைத்த ஒரே நிமிஷம் அதுதான். இழுத்துக் கரையில் போட்டு, துள்ளுகிறதை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே இரண்டு ஜோடி பூட்ஸ் நின்றன.

"லைசென்ஸ்?" என்றார் பெரிய ஆபீசர்.

மடையில் மச்சானைப் பரிசோதித்துவிட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். அங்கே மச்சான் என் பெயரைச் சொல்லி, என் அப்பா பெயரைச் சொல்லி, உத்தியோகம் போஸ்ட் மாஸ்டர் என்றும் சொல்லியிருக்கிறார். பெரிய ஆபீசருக்கு அதில் பரம திருப்தி. நான் எதையும் எடுத்து நீட்டாததைப் பார்த்ததும், "அங்க ஒருத்தர் இருக்காரு பாருங்க, போஸ்ட் மாஸ்டர். சேத்துல உட்கார்ந்தாலும் லைசென்ஸோட உட்கார்ந்திருக்காரு. அவரப் பாத்துக் கத்துக்கக் கூடாது?" என்று என்னைப் பார்த்து எனக்கே என்னை உதாரணம் காட்டினார்.

மீனாபீசர் அவருக்குப் பின்னால் நின்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னால் அவருடைய டைரி முழுவதும் பொய்யாகிவிடும். மச்சான் ஆள் மாறாட்டத்தில் உள்ளே போவார். லைசென்ஸைக் கொடுத்த குற்றத்துக்கு என் வேலை போகும்.

"பேரு என்ன?"

இல்லாத ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெயருக்கு நோட்டீஸ் வந்தால், அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புகிறவனும் நான்தான். இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் கிடையாது. அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. ஊரில் இருக்கிற அத்தனை பெயரும் எனக்கு மனப்பாடம், இல்லாத பெயர் ஒன்றுகூடத் தெரியாது. தபாலாபீஸ் புத்தி. என் வாயில் மச்சானுடைய பெயர் வந்தது. அவர் நானாக இருந்தால் நான் அவராக இருந்துவிட்டுப் போகிறேன் என்று காலையிலிருந்து அடக்கிவைத்த கோபமும் அதில் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

"தொழில்?"

"வெவசாயம்."

அவர் என் கையைப் பார்த்தார். விரலெல்லாம் முத்திரை மை. "வெவசாயிக்குக் கையில என்ன மை?"

"ஆட்டுக்கு அடையாளம் போட்டதுங்க."

மீனாபீசர் இருமினார். பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். கீழே நான் பெருவிரல் ரேகை வைத்தேன். கையெழுத்துப் போடுகிற விவசாயி என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்களோ என்று பயம். கம்பையும் விராலையும் சாட்சிப் பொருள் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்பு பிறகு கச்சேரிக்கு வந்ததாகக் கேள்வி. விரால் வரவில்லை.

ஜீப் போன பிறகு மச்சான் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். எச்சரித்து விட்டுவிட்டார்கள் என்றேன். அவருக்குக் கெண்டைதான் கிடைத்திருந்தது. அக்கா அதைத்தான் சாப்பிட்டாள்.

இரண்டு வாரத்தில் ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வந்தது. மேலே மச்சான் பெயர். இரும்புப் பெட்டி மாதிரி கனத்தது அந்தக் கவர். ஏழு நாள் வைத்திருக்கலாம், பிறகு திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆறு நாள் மேஜைக்குள் வைத்திருந்தேன். வாங்க மறுத்தார் என்று ஒரு வரி எழுதினால் தற்காலிகமாகத் தீர்ந்துவிடும். பேனாவை எடுத்துத் திறந்தும் பார்த்தேன். அதுவரைக்கும் ஒரு தபாலில் நான் பொய் எழுதியதில்லை. கரையில் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது. ஏழாம் நாள் கொல்லையில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த மச்சானிடம் போனேன்.

"வாசி மாப்புள" என்றார்.

வாசித்தேன். லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்த குற்றத்துக்கு, கலுங்குப் பக்கம், ஒரு விராலோடு பிடிபட்ட அவர், கீரனூர் கச்சேரியில் ஆஜராக வேண்டும். வாசித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஏன் மாப்புள எம் பேரச் சொன்ன?"

"வாயில அதுதான் வந்துச்சு மச்சான்."

வரப்பில் சரிந்திருந்த மண்ணை மண்வெட்டியால் இழுத்துப் போட்டார். கெட்ட வார்த்தையில் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் போனா ஒன் வேலைக்கி ஒண்ணும் வராதுல்ல?"

"வராது மச்சான்."

"அப்பச் சரி. எங்க ஒப்பம் போடணும்?"

எழுத்தெழுத்தாகக் கூட்டித் தன் பெயரைப் போட்டார். அவ்வளவு மெதுவாக ஒரு கையெழுத்து விழுவதை நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கச்சேரிக்குப் பெரிய ஆபீசர் வரவில்லை, மீனாபீசர்தான் வந்திருந்தார். லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாங்க, எனக்கு லைசென்ஸே கெடையாதுங்க" என்றிருக்கிறார். இந்த விவகாரம் முழுவதிலும் அதிகாரி ஒருவர் முன்னால் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். ரேகையை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுடைய விரலைப் பார்த்து யாருக்கு என்ன? கோர்ட் கலையும்வரை ஓரமாக நிற்க வேண்டும் என்று தண்டனை. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுவிட்டு, பஸ் பிடித்து வந்து, அக்காவிடம் உரம் வாங்கப் போனதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே என்னைப் பற்றி விசாரிக்க ஆள் வந்தார். போலீசிலும் கச்சேரியிலும் என் பெயர் இல்லை. நன்னடத்தை உள்ளவர் என்று எழுதி வேலையை நிரந்தரமாக்கினார்கள். அந்தக் கவரையும் நானே முத்திரை குத்தி நானே வாங்கிக்கொண்டேன்.

இதற்குப் பிறகு மச்சானுக்குச் சொந்தமாக ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. நான்தான் மனு எழுதினேன். அதில் ஒரு கேள்வி இருந்தது. இதற்கு முன் மீன்பிடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? என் கையாலேயே ஆம் என்று எழுதினேன். மனு நிராகரிக்கப்பட்டது. அந்தத் தபாலையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றவர்கள் ஜீப்புக்குப் பயந்து ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கிக்கொண்டார்கள். இல்லாத மாட்டைக் கூப்பிட்டவருக்குக்கூட ஒன்று வந்தது. எங்கள் கரையிலேயே நன்றாகத் தூண்டில் போடத் தெரிந்த ஆளுக்கு மட்டும் கிடையாது என்று ஆகிவிட்டது.

நான் தூண்டிலைத் தொடுவதை விட்டுவிட்டேன். ஆனால் வருஷா வருஷம் என் லைசென்ஸைப் புதுப்பித்துக் குதிரை வாயில் வைப்பேன். மச்சான் எடுத்துக்கொள்வார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மீனாபீசர் மாதம் ஒரு தடவை வந்து பேரு என்ன என்பார். மச்சான் என் பெயரைச் சொல்வார். சரியாக இருந்தது என்று அவர் எழுதிக்கொண்டு போவார். பக்கத்தில் புழு டப்பாவை வைத்துக்கொண்டு மச்சானுடைய மகள் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஐந்து வயதானதும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அக்கா கூட்டிப்போனாள். தபாலாபீசுக்குப் பக்கத்துக் கட்டடம்தான் பள்ளிக்கூடம். அரிமளம் பக்கமிருந்து மாற்றலாகிப் புதிதாக வந்திருந்த ஹெட்மாஸ்டர், தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். அக்கா புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழந்தை பட்டென்று பதில் சொன்னது. கரையில் காக்கிச் சட்டைக்காரர் கேட்கும்போதெல்லாம் அப்பா சொல்கிற பெயர் அதற்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ, அது எந் தம்பி பேருங்க" என்று அக்கா பதறிவிட்டாளாம். அப்படியானால் சரியான பெயரைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார் ஹெட்மாஸ்டர். அவள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். ஹெட்மாஸ்டர் நடந்ததைச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்னதில் என்ன தப்பு என்று தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவேடு விரித்து வைத்திருந்தது. ஹெட்மாஸ்டர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "சொல்லுங்க சார், கொழந்தையோட அப்பா பேரு?" என்றார்.

அந்தப் பெயரை ஒரு பதிவுக்காக நான் சொல்வது அது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்ட உடனே வந்தது. இந்தத் தடவை நான் விரலில் இருந்த முத்திரை மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"என்ன சார், சொந்த மச்சான் பேரு மறந்துபோச்சா?" என்றார்.